லாத்தாவுக்கு இருபது நிமிட நடை

தோட்டத்தின் கடைசி மர நிரையைத் தாண்டினால் எல்லைக் கான், சின்ன ஓடை. அதன் மேல் ஒரு மரத்தைத் தறித்துப் போட்டிருப்பார்கள். அதில் ஐந்து எட்டு வைத்தால் அக்கரை. அப்புறம் மூங்கில் புதர், அதற்குள் காட்டுப்பன்றிகள் போட்ட தடம், கொஞ்சம் மேடு, கொஞ்சம் பாறை, திரும்பினால் அருவி. இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். பெரிய அருவிகளைப் படத்தில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, நான் சிரிக்கவில்லை. போட்ட சட்டையோடு உள்ளே போய் நின்றேன்.

அந்த இடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கிராமமான கம்போங்கிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு டுரியான் பழம் கொண்டுவந்து விற்கும் மலாய்க்காரர். மலையைக் காட்டி, "அத்தாஸ் அடா லாத்தா" என்றார். மேலே என்னமோ இருக்கிறது என்பது வரை புரிந்தது. லாத்தா என்றால் யாரோ பெண் என்று நினைத்து, யார் வீட்டுப் பெண் என்று என் அரைகுறை மலாயில் கேட்டுவிட்டேன். மனிதர் பழத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஒரு கையை உயர்த்தி, விரல்களை ஆட்டியபடி கீழே கொண்டுவந்து, வாயால் "ஷ்ஷ்ஷ்" என்றார். தண்ணீர் விழும் இடம். நான் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, லயத்தில் எல்லாருக்கும் அந்த அருவி லாத்தா ஆகிவிட்டது.

நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம். காட்டை வெட்டி ரப்பர் போட்டு இருபது வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பா கப்பலில் வந்து இங்கே பாலுக்கு ரப்பர் மரம் சீவியவர். என்ன நினைத்தாரோ, என்னைச் சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டு ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். லயத்தில் பிறந்து தோட்டத்து ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. எதைப் பார்த்தாலும் 'இதை இப்படி மாற்றினால் என்ன?' என்று கை அரிக்கும்.

மாற்ற வேண்டியது ஒன்று கண்ணெதிரே இருந்தது. லயத்து ஜனங்கள் குடித்தது லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் தண்ணீர். அதே கானில்தான் ரப்பர் பால் உறைய வைக்கும் ஸ்டோரின் கழுவு தண்ணீரும் வந்து விழும். புளித்த பால் நாற்றம் அடிக்கும். துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். காய்ச்சிக் குடியுங்கள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சொல்லிக்கொண்டே இருப்பார். இருட்டோடு பிரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுத்து, வெயில் சாயும்போது திரும்புகிற பெண்பிள்ளை ஈர விறகை வைத்துக்கொண்டு சோறு பொங்குவாளா, தண்ணீர் காய்ச்சுவாளா?

என் அக்கா மூன்றாவது லயத்தில் இருந்தாள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வயிற்றுப்போக்கில் போயின. ஒன்று பத்து மாதத்தில், மற்றது ஒரு வயது நிறைந்து. நான் லாத்தாவைக் கண்டுபிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மூன்றாவதை ஐந்து மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். ஈரச் சட்டையோடு நேராக அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன்.

"அக்கா, தண்ணி! கண்ணாடி மாதிரி தண்ணி. மேடு அது, நம்ம லயம் பள்ளம். ஒரு பைப்பு போட்டா தானா ஓடியாந்துரும்."

"பைப்பு உங்க மாமா வீட்டுச் சீதனமாடா?"

"ஸ்டோருக்குப் பின்னால கெடக்கே. புது ஸ்டோர் கட்ட வந்து மிஞ்சினது. துருப்பிடிக்குது. தொரை ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கிண்டல் போய்விட்டது. "இது பொறக்குறதுக்குள்ள ஆகுமாடா?" என்றாள். ஆகும் என்றேன். நான் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்கிற காலம் அது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையைக் கிளப்புவது எப்படி? தண்ணீர், வியாதி, குழந்தைகள் என்று எழுதினால் அந்தத் தாள் பெட்டிக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். முன்பு டிரஸ்ஸர் எழுதியவை அங்கே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சாமர்த்தியமாக எழுதினேன். தோட்டத்தின் எல்லையில் அழகான சிறிய அருவி ஒன்று இருக்கிறது, ஞாயிறு காலை உலாவப் போக ஏற்றது, 'ஈசி வாக்', இருபது நிமிடம்தான். வந்து பார்த்தால் அதன் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றியும் யோசிக்கலாம். பெரிய கிராணி வாங்கிப் படித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வெளேரென்று உடுத்துபவர், அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

"என்ன காணும், தண்ணிக்கு மனுவோ, இல்லாட்டித் துரைக்குக் கலியாண அழைப்போ?"

"வந்து பார்த்துட்டா தானே குடுத்துருவாரு, ஐயா."

"பாத்தால் பாத்திட்டுப் போவார். சரி, வைக்கிறன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

துரை வருகிறேன் என்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் நானும் மாமாவும், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போய்த் தடத்தை அகலப்படுத்தினோம். மூங்கிலை வெட்டி ஒதுக்கி, வழுக்குகிற இடத்தில் படி கொத்தினோம். மாமா பேசாமல் வெட்டுவார். நான் வெட்டாமல் பேசுவேன்.

லயத்தில் சாமிக்கு எது செய்வதானாலும் மாமாதான் முன்னால் நிற்பார். சனிக்கிழமை அவர் சொன்னார்: "மாப்ள, புது எடத்துல தண்ணி எடுக்கப்போறோம். கேக்காம எடுக்கக்கூடாது. ஒரு கல்லு நட்டுக் கேட்டுருவோம்."

இது எங்கள் ஜனங்களுக்கு வழக்கம். புதுக்காட்டில் மரம் வெட்டப் போனாலும், புது லயத்தில் குடியேறினாலும், முதலில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனியிடம் அனுமதி கேட்பார்கள். தோட்டத்தில் பாதி மரத்தடியில் அப்படிக் கல் உண்டு. நானும் சரியென்றேன். சரியென்றது மட்டுமில்லை, நல்லா பெரிய கல்லாப் பாருங்க, துரை கண்ணுக்குத் தெரியணும், ஜனங்க எவ்வளவு ஆசையா இருக்காங்கன்னு புரியணும் என்றேன். அருவிக்குப் பக்கத்தில் ஒரு முழங்கால் உயரக் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி கட்டினார்கள். ஒரு சேவல், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு. மாமா கும்பிட்டு, "புள்ளகுட்டிங்க குடிக்கத் தண்ணி எடுத்துக்குறோம் சாமி" என்று கேட்டார். கல்லின் மேல் வைத்த பூ விழுந்தது, முனி சம்மதித்துவிட்டார். அவரிடம் அனுமதி வாங்க எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிறு காலை துரை நாயோடும் கைத்தடியோடும் வந்தார். பின்னால் பெரிய கிராணி குடையோடு. நான் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். மழை இல்லை, அட்டைகூட அதிகமில்லை. மூங்கில் இலை ஈரமாக மணத்தது. துரை சீட்டியடித்துக்கொண்டு வந்தார். படி கொத்திய இடத்தில் நின்று, "நல்ல ரோடு" என்று தமிழிலேயே சொன்னார். தோட்டத்துத் துரைமார்களுக்குத் தமிழ் வரும். எல்லாரையும் நீ என்று சொல்லும் தமிழ். கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "இருபது நிமிஷம். நீ சொன்னது சரி" என்றார். என் காது சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்.

அருவிக்குப் பக்கத்தில் மாமாவும் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் முன்பே வந்து ஒதுங்கி நின்றார்கள். அக்கா கையில் தேய்த்துப் பளபளவென்று ஒரு செம்பு. நான் கண் காட்ட, தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். துரை வாங்கி ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். குழாய் எந்த வழியாக இறங்கும் என்று கைத்தடியால் காற்றில் ஒரு கோடுகூடப் போட்டார். அதை நான் பார்த்தேன். பெரிய கிராணியும் பார்த்தார். அந்தக் கோடு மூன்றாவது லயத்தில்தான் போய் முடிந்தது.

அப்போதுதான் அவர் கண் கல்லின் மேல் விழுந்தது.

"இது என்னா?"

அவர் தமிழில்தான் கேட்டார். நான் தமிழிலேயே 'சாமிக் கல்லு, தொரை' என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் குதிரையில் போகிற வழியெல்லாம் பார்த்த கல்தான் அது. ஆனால் அக்கா நிற்கிறாள், மாமா நிற்கிறார், நான் ஏழாம் வகுப்பு படித்தவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னேன்: "டெம்பிள், சார். தெயர் டெம்பிள்."

துரை தொப்பியைக் கழற்றினார்.

அதை எப்படிச் சொல்வது! மரியாதையாகக் கழற்றினார். நாயைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஜனங்களுக்கு ஒரே பெருமை. துரை நம் சாமிக்குத் தொப்பி கழற்றிவிட்டார் என்று மாமாவின் கண் கலங்கிவிட்டது. பெரிய கிராணி மட்டும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குடையை விரித்தார், மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

திரும்பும்போது துரை சீட்டியடிக்கவில்லை. திங்கட்கிழமை, கொம்பெனிக்குப் போகும் கடிதத்தின் நகல் கோப்பில் வைக்க என் கைக்கு வந்தது. அருவி தொழிலாளர்களின் கோயில், அங்கே குழாய் பதித்தால் பின்னால் மதக் குழப்பம் வரும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் குழாயைத்தான் சொல்வார்கள், ஆகவே வேண்டாம். மேலும் அங்கே போகும் வழி எளிது, இருபது நிமிட நடைதான், வேண்டியவர்கள் தாங்களே போய் எடுத்துக்கொள்ளலாம். குழாய்களை வேறு தோட்டத்துக்கு அனுப்பச் சம்மதம்.

நான் துரை அறைக்குள்ளேயே போய்விட்டேன். கோயில் இல்லை சார், கல் சார், தண்ணீருக்காகத்தான் அந்தக் கல்லே என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ டெம்பிள் சொன்னது. நான் கேட்டது" என்றார், தமிழில். பிறகு மை ஒற்றும் தாளை எடுத்து வேறு எதையோ ஒற்ற ஆரம்பித்தார்.

விஷயம் லயத்துக்குப் போயிற்று. மறுநாள் வேலை முடிந்ததும் மாமா காட்டுக்குப் போய் முனியிடம் மன்னிப்புக் கேட்டு, கல்லைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். மஞ்சள் வேர்வையில் கரைந்து மார்பில் வழிந்துகொண்டிருந்தது.

"சாமி எறங்கி வந்துருச்சுங்கய்யா. இப்ப அங்க ஒண்ணுமே இல்ல. தொரைகிட்டச் சொல்லுங்க."

பெரிய கிராணி எழுந்து வாசலுக்கு வந்தார். கல்லைப் பார்த்துத் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். "கடிதம் போட்டுது, அப்பு," என்றார் மெதுவாக. "கடிதம் போனால் போனதுதான். பைப்பும் நாளைக்கு லொறியில ஏறுது. நீ இதைக் கொண்டுபோய் எங்கையேன் நிழலில வை."

"ஒரு வார்த்தைதானங்கய்யா..."

"ஒரு வார்த்தைதான். அதைத் தம்பி சொல்லிப்போட்டான்."

மாமா என்னைத் திட்டவில்லை. லயத்தில் யாருமே திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்கா தானே தண்ணீருக்குப் போக ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்து, தோளில் வைத்துப் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தை மாட்டிக்கொண்டு போவாள். நான் ஒரு நாள் கூடப் போனேன். நான் எழுதிய இருபது நிமிடம் கையை வீசிக்கொண்டு நடக்கும் பத்தொன்பது வயதுக்காரனின் இருபது நிமிடம். தகரம் நிறைந்து, வயிறும் நிறைந்து, ஒற்றை மரத்தில் பக்கவாட்டில் அடி வைத்து இறங்கி வர ஒரு மணிக்கு மேல் ஆனது. வீடு வந்தபோது தகரத்தில் முக்கால்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூக்கினேன். மற்ற நாட்களில் ஆபீஸ் விடும் முன்பே அவள் போய்விடுவாள். மாமா கம்பைப் பிடுங்கப் பார்த்தால், "ஒங்களுக்கு ரெண்டாம் பால்வெட்டு இருக்கு, போங்க" என்பாள்.

பெண் பிறந்தது. நாற்பது நாள் முடிந்து அக்கா மறுபடி மரத்துக்குப் போனாள். பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போயிற்று. பால் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. ஒரு கூரை, வரிசையாகத் தூளிகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. புருஷன் மலைக்காய்ச்சலில் செத்த பிறகு பால் வெட்ட முடியாமல் அந்த வேலையில் இருந்தவர். தாய்ப்பால் இருந்த வரை கவலையில்லை. பிள்ளை கஞ்சித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததும் அக்கா ஒரு பிராந்திப் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவி, லாத்தாத் தண்ணீரை நிரப்பி, ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். எம் புள்ளைக்கு இதை மட்டும் குடு ஆயா.

ஒரு நாள் ஆபீஸ் கணக்குக்காகப் பிள்ளைகளை எண்ணக் கொட்டகைக்குப் போனேன். ஆயா போத்தலையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பதினொரு பிள்ளைகள். ஒவ்வொரு வாயிலும் ஒரு கரண்டி.

"ஆயா! அது எங்க அக்கா தூக்கியாந்த தண்ணி."

"தெரியும் தம்பி. ஒத்தைப் புள்ளைக்கு மட்டும் எப்படி ஊத்துறது? மத்ததுங்க வாயையே பாக்குதுங்க."

"தீந்ததும் என்ன குடுக்குறீங்க?"

ஆயா கான் பக்கம் பார்த்தார். நான் கோபமாக அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டாள். "அதுங்களும் புள்ளைங்கதானே" என்றாள். "நீ ஆபீசுல போய் ஒளறாத. அவங்களுக்கு இந்த வேலையும் போயிரும்." மறுநாள் இரண்டு போத்தல் கொடுத்தனுப்பினாள். இரண்டும் பத்து மணிக்குள் தீர்ந்தன.

மழை மாதத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஒன்பது மாதம். ஆயாதான் ஈரத்துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்; அக்காவை மரத்தடியிலிருந்து கூப்பிட்டு வந்தது நான். டிரஸ்ஸர் புத்தகத்தைத் திறந்தார்.

"என்ன தண்ணி குடுத்தீங்க புள்ளைக்கு?"

அக்கா ஆயாவைப் பார்த்தாள். ஆயா கதவோரம் நின்று ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். கான் தண்ணீரைக் கொடுத்தார் என்று எழுதினால் அன்றே அவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மழையில் எங்கே போவார்?

"லாத்தாத் தண்ணிதான்" என்றாள் அக்கா. "வேற தண்ணியே குடுக்கல."

டிரஸ்ஸர் எழுதிக்கொண்டார். நான் அங்கேதான் இருந்தேன். எனக்கு உண்மை தெரியும். எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. டிரஸ்ஸரின் குறிப்பைத் துரை படித்துவிட்டார். அருவித் தண்ணீரால் மரணம். இனி யாரும் அங்கே தண்ணீர் எடுக்கக்கூடாது, வழியை அடைக்கவும், தமிழில் பலகை வைக்கவும். பெரிய கிராணி தாளை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"உம்மடை எழுத்துத்தான் வடிவு" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். சொன்னால் ஆயா போவார். அக்கா பொய் சொன்னவள் ஆவாள். குழாய் மட்டும் திரும்பி வராது. ஒரு தகரத்தில் தார் கொண்டு எழுதினேன்: இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மீறுவோருக்கு வேலை இல்லை.

மாமாவும் நானும் எல்லைக் கானுக்குப் போய், பாலமாகக் கிடந்த ஒற்றை மரத்தை இழுத்து அப்பால் போட்டோம். கம்பம் நட்டுத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா காண்டாக் கம்போடும் இரண்டு தகரங்களோடும் வந்தாள்.

"எங்கக்கா?" என்றேன்.

"கொட்டகையில இன்னும் பத்துப் புள்ளைங்க இருக்குல்ல" என்றாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்தாள். "என்னடா எழுதியிருக்க?"

படித்துச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டுக்கொண்டு, மரம் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். தகரங்கள் வெறுமையாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே போயின. லயத்துக்குப் பின்னால், கானுக்குப் பக்கத்தில், அந்தச் சத்தம் நின்றது. குனிந்து மொள்ளுகிறாள்.

மாமா ஆணிகளை நீட்டினார். காற்றுக்குப் பலகை ஆடிக்கொண்டிருந்தது. நான் கீழ் மூலையில் இன்னொரு ஆணி அடித்தேன்.